மந்திரித்த பெல்ட்

என் அப்பு,

கல்யாண வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். நேரில் சொல்ல வந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் மீதி அப்படியே இருக்கும். அதனால் எழுதுகிறேன். உன் கிளினிக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கினாளே, அப்போது நான் குழாயடியிலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் போய்க்கொண்டிருந்தேன். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் போட்ட சத்தத்தில் பந்தல் கட்டுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஏத்தா, டிஸ்க்கு தேஞ்சவளே, குடத்தக் கீழ வையி. மகன் கல்யாணத்துக்கு ஸ்ட்ரெச்சர்லயா வரப் போற?" என்றாள். நான் வைக்கவில்லை. "இது ரெண்டாவது நடை மதினி. உள்ள வாங்க, காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நடையில் எனக்கு இருந்த திமிரை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்பது உன் அத்தைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நீ பத்தாம் வகுப்பு படித்த கோடை அது. திண்டுக்கல்லில் அப்போது தண்ணீர் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. லாரி தெருமுனையில் திரும்பும்போதே பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். அன்றைக்கு நான் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துத் திரும்பினேன், அவ்வளவுதான். முதுகின் அடியில் ஆணி அறைந்த மாதிரி இருந்தது. குடம் ஒரு பக்கம் உருள, நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த உன் அப்பாவுக்கு யாரோ சொல்லி அனுப்ப, அவர் டிக்கெட் பையோடேயே ஆட்டோவில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் நல்ல மனிதர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதுகெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் ஒன்று கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்றார். சில வாரம் கனம் தூக்காமல் இருங்கள், எழுந்து நடமாடும்போது இந்த பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கவனி, சில வாரம்தான். அந்தச் சில வாரத்தை ஏழெட்டு வருஷமாக இழுத்தது நாங்கள்தான். உன் அப்பா இருக்கிறாரே, புதுச் சைக்கிள் வாங்கினாலும் ஜெபமாலை வாங்கினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். பங்குச் சாமியார் ஒரு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், புது மொபெட்டோடு ஒருவரும் ஜெபமாலைகளோடு சிலரும் நின்ற வரிசையில், உன் அப்பா என் இடுப்பு பெல்ட்டோடு போய் நின்றார். சாமியாரும் சிரிக்காமல் மந்திரித்துக் கொடுத்தார்.

அதோடு கதை முடிந்தது. மந்திரித்த பொருளை யார் கழற்றுவார்கள்? வலி குறைந்த நாளில் அதை எடுத்து வைக்கலாமா என்று கேட்டால், "மாதா காத்துக்கிட்டு இருக்கா, எதுக்கு சோதிக்கிற?" என்பார் உன் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். தூங்கும்போதும் அது இடுப்பில் இருந்தது. துவைத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். எலாஸ்டிக் தளர்ந்த பிறகு, வேறு வாங்க மனமில்லாமல் நானே ஓரம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

பெல்ட் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. உங்கள் எல்லோருடைய பிரியமும் சேர்ந்து என்னைக் கட்டிப் போட்டது. உன் அப்பா டியூட்டிக்குப் போகும் முன்பே தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். நான் குனியக் கூடாது என்று அரிசி டின்னிலிருந்து விளக்குமாறு வரை எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டீர்கள். தையல் மிஷினுக்குத் துணி போட்டு மூடினீர்கள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள், பொத்தான் தைக்கக்கூட அடுத்த வீட்டுக்குத் துணியை அனுப்பினேன். கீழே விழுந்த ஒரு கரண்டியை எடுக்க ஆள் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இவ்வளவு செய்தும் வலி போனதா என்றால், இல்லை. வலி வளர்ந்தது. முதலில் குடம் தூக்கினால் வலித்தது, அப்புறம் குனிந்தால் வலித்தது, கடைசியில் குனிய வேண்டியிருக்குமோ என்று நினைத்தாலே வலித்தது. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் நாற்காலியில் இருப்பேன். நாற்பதைத் தாண்டியதுமே கிழவியாகிவிட்டேன் என்று தோன்றும். அழுகையாக வரும்.

அதைவிடப் பெரிய அழுகை ஒன்று உண்டு. எங்கள் கோயில் திருவிழாவில் மாதாவின் சப்பரத்தைப் பெண்கள்தான் தூக்குவோம். பூவும் விளக்கும் ஜோடித்த சின்னச் சப்பரம்தான், ஆனாலும் தேக்கு மரம், கனம் இருக்கும். எல்லோரும் ஒரே மாதிரி நீலக்கரை போட்ட சின்னாளப்பட்டிச் சேலை கட்டுவோம். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முன்தண்டில் இடது பக்கம் என்னுடைய இடம். அந்த இடத்தில் நிற்பவள் கால் வைக்கிற வேகத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் வைக்க வேண்டும். என் உயரத்துக்கும் தோளுக்கும் அது பொருந்திப் போயிருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம், சப்பரத்துக்கு ஆள் நிறுத்துகிற லூர்து அக்கா அந்த இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்தினாள். "இந்த வருசத்துக்குத்தான்டி" என்று என்னிடம் சொன்னாள். அப்புறம் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் நான் மெழுகுவத்தியோடு சப்பரத்துக்குப் பின்னால், வேகமாக நடக்க முடியாத வயசாளிகளோடு வந்தேன். எனக்கு வேண்டியது அந்தத் தண்டு ஒன்றுதான். ஆனால் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நீ பிசியோதெரபி படிக்கப் போனாய். அப்படி ஒரு படிப்பு இருப்பதே நம் தெருவில் யாருக்கும் தெரியாது. உன் அப்பா பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கெல்லாம் "எலும்பு டாக்டருக்குப் பக்கத்துல உள்ள டாக்டரு" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். கடைசி வருஷ லீவில் வந்தபோது நீ எனக்கென்று பயிற்சிப் படங்கள் அச்சடித்த தாள் ஒன்று கொண்டுவந்தாய். படத்தில் இருந்தவர் டவுசர் போட்டுக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் விரித்தேன். உனக்குக் கோபம் வந்தது. "அம்மா, உனக்கு இடுப்புல பெருசா ஒண்ணுமில்ல. வலிய உண்டாக்குறது மூளைதான்" என்றாய்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அப்ப நான் இம்புட்டு வருசமா நடிக்கிறேனாடா?" என்று கேட்டேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அந்த லீவு முழுவதும் உனக்கு மூன்று வேளையும் சோறு போட்டேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைக்கூட வைக்கவில்லை. என் கோபம் எவ்வளவு பெரியது என்று அதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை, படிப்பை முடித்துவிட்டு நீ வந்தபோது கையில் தாள் இல்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். "போன தடவ நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. உன் வலி நெசம். அம்புட்டும் நெசம். எப்ப, எப்படி வலிக்குதுன்னு நீ சொல்லு, நான் குறுக்க பேச மாட்டேன்" என்றாய். நான் சொன்னேன். லாரியிலிருந்து ஆரம்பித்து, விழுந்த கரண்டி வரை சொன்னேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது, நீ எழுந்திருக்கவில்லை. காலில் மரத்துப் போகிறதா, பலம் குறைகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டாய். மறுநாள் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டாய். அதன்பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "சரி, உனக்கு என்ன செய்யணும்னு ஆசையா இருக்கு?"

அத்தனை வருஷமும் எல்லோரும் என்னிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். என்ன செய்யக் கூடாது என்று சொன்னார்கள். என்ன ஆசை என்று கேட்ட முதல் ஆள் நீதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாதா சப்பரம்... முன்தண்டு" என்றேன். நீ சிரிக்கவில்லை. "எப்பத் திருவிழா?" என்று கேட்டாய். அந்த நிமிஷம் உன்னை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. குனிய வேண்டுமே என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

வலியை அன்று நீ விளக்கியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நம்ம தெருவுல ஒரு கருப்பு நாய் இருந்துச்சேம்மா. ஒரு தடவ திருடன் வந்து போன பொறகு அது பால்காரனப் பாத்தும் கொலச்சுச்சு, போஸ்ட்மேனப் பாத்தும் கொலச்சுச்சு. கொலச்சது நெசந்தான். ஆனா திருடன் உள்ள இருக்கான்னு அர்த்தமில்ல. உன் நரம்பு அப்படித்தான் பயந்து கெடக்கு. அன்னைக்குப் பட்ட காயம் எப்பவோ ஆறிருக்கும். வலியே இல்லாத ஆளுகளுக்கு ஸ்கேன் எடுத்தாலும் தேய்மானம் தெரியும்மா, முடி நரைக்கிற மாதிரி." நான், "அப்ப என்னய நாய்ங்குற" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். பால்காரன் தினமும் வந்து, ஒன்றும் நடக்காமல் தினமும் போனால் நாய்க்குப் பழகிவிடும் என்றாய். அதுதான் வைத்தியம் என்றாய்.

பெல்ட்டைக் கழற்று என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லை. "எப்பக் கழட்டலாம்னு நீயே பாத்துக்க" என்றாய். அதுதான் என்னை ஜெயித்தது. கழற்றச் சொல்லியிருந்தால் சாகும்வரை போட்டிருப்பேன். ஒரு நாள் காலை அதைக் கழற்றி மாதா படத்தின் ஆணியில் மாட்டி, "செத்த நேரம் பாத்துக்க தாயே, வாரேன்" என்று சொல்லிவிட்டு வாசல் பெருக்கப் போனேன். குனிந்து பெருக்கினேன். வலித்தது. வலித்தாலும் பெருக்கி முடித்தேன். திரும்பி வந்தபோது மாதாவும் இருந்தாள், பெல்ட்டும் இருந்தது, என் இடுப்பும் இருந்தது.

அப்படியே ஒரு சொம்பு, ஒரு வாளி, அரைக்குடம் என்று ஏறினோம். தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன். மிஷின் மேலிருந்த துணியை எடுத்து உதறினேன். நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யாதே, மோசமான நாளில் முழுசாகப் படுத்தும் விடாதே என்று அது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். சப்பரத்துக்குப் பழக வேண்டுமே, அதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் பிரமாதம். பெயிண்டர் வீட்டு மூங்கில் ஏணியை வாங்கி வந்து, ஒரு முனையை என் தோளிலும் மறு முனையை லூர்து அக்கா தோளிலும் வைத்து மொட்டைமாடியில் நடக்க விட்டாய். எதிரே மலைக்கோட்டை, கீழே தெருவே கூடி வேடிக்கை. "யாரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீக?" என்று கேட்டார்கள். லூர்து அக்கா, "ஒன் வீட்டுக்குத்தான்டி, சுண்ணாம்பக் கரைச்சு வையி" என்றாள்.

திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞானஸ்நான விருந்தில் ஓடியாடி வேலை செய்துவிட்டு, தூக்கமும் இல்லாமல் வந்து, மறுநாள் முழுக்குடத்தைத் தூக்கினேன். பிடித்துக்கொண்டது. பழைய ஆணி, பழைய இடம். கட்டிலில் சாய்ந்துவிட்டேன். உன் அப்பா மாதா படத்து ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏலே, படிச்சுட்டு வந்து பெத்தவ இடுப்புலயா பரீட்ச எழுதுற? இவ நடமாடுனாப் போதும்டா எனக்கு. சப்பரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று உன்னிடம் கத்தினார். அவரைக் குறை சொல்லாதே. அன்றைக்கு ஆட்டோவில் என்னை மடியில் போட்டுக்கொண்டு போனவர் அவர். அந்தப் பயம் அவருக்கு ஆறவே இல்லை.

நீ பதிலுக்குக் கத்தவில்லை. "அம்மாவக் கேளுங்கப்பா. அம்மா வேணாம்னா விட்ருவோம்" என்றாய். இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் யோசித்தேன். முந்தின நாள் செய்த வேலையை யோசித்தேன், தூங்காததை யோசித்தேன். முதல் தடவை பிடித்தபோது உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தடவை, நாய் கொஞ்சம் அதிகமாகக் குரைக்கிறது என்று நினைத்தேன். வலி அதேதான், பயம் இல்லை. "அத ஆணியிலயே மாட்டுங்க. நான் செத்த நேரம் படுத்துட்டு வாசல்வரைக்கும் நடக்குறேன்" என்றேன். அன்று சாயங்காலமே நடந்தேன். அந்த வாரத்துக்குள் மறுபடி ஏணியைத் தோளில் வைத்தேன். உன் அப்பா அப்புறம் தடுக்கவில்லை. ஆனால் முகம் தெளியவும் இல்லை.

திருவிழாச் சாயங்காலம் நீலக்கரைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினேன். லூர்து அக்கா முன்தண்டின் இடது பக்கத்தைக் காட்டினாள். அங்கே நின்றிருந்தவள் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். குனிந்தேன், தோள் கொடுத்தேன், "மரியே வாழ்க" என்று எல்லோரும் சொல்ல, தூக்கினோம். மாதா எழுந்தாள். நானும் எழுந்தேன். வெடிச்சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. இடுப்பு லேசாக முணுமுணுத்தது. முணுமுணுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு முதல் அடியை வைத்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என் காலுக்குக் கால் வைத்தார்கள்.

உன் அப்பா தெரு ஓரமாகவே கூட நடந்து வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் அந்த பெல்ட். நான் எந்த இடத்தில் விழுந்தாலும் அந்த இடத்தில் கட்டிவிட வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார், பாவம். மூன்றாவது தெருவில் சப்பரத்தை இறக்கி வைத்து மாலை வாங்கும்போது பக்கத்தில் வந்து, "வலிக்குதா?" என்றார். "இடுப்பு வலிக்கல. தோளுதான் எரியுது" என்றேன். பார்த்தார். தண்டு உரசி என் தோள் சிவந்திருந்தது. தண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மஞ்சப்பையைப் பிரித்து அந்த பெல்ட்டை எடுத்து, என் தோள் படுகிற இடத்தில் தண்டைச் சுற்றி இறுக்கக் கட்டினார். மெத்தென்று ஆகிவிட்டதா என்று அழுத்திப் பார்த்தார். மந்திரித்த பொருளுக்கு அதைவிட நல்ல இடம் எது? தோள் கொடுத்தோம், தூக்கினோம். உன் அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்து, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில், "போலாம், ரைட்" என்றார். தெருவே சிரித்தது. மாதாவுக்கும் சிரிப்பு வந்திருக்கும். கோயில் வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து இறக்கினேன். அன்றிலிருந்து ஒரு திருவிழாவும் நான் விட்டதில்லை. பெல்ட்டும் அந்தத் தண்டில்தான் இருக்கிறது.

இப்போது உனக்குக் கல்யாணம். நத்தம் ஊர்ப் பெண், டீச்சர், வாய் கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்திருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்றே என் காதில், "அத்தை, அந்தத் தண்டுல எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?" என்று கேட்டாள். வலது பக்கம் அவளுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். லூர்து அக்காவிடமும் சொல்லிவிட்டேன். உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன்னைத் தேடி வருகிறவர்களிடம் நீ எவ்வளவு பொறுமையாக இருக்கிறாய் என்று ஊரே சொல்கிறது. அந்தப் பொறுமையை கிளினிக்கிலேயே பூட்டிவிட்டு வராதே. அவள் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காரணத்தை நீயாகக் கண்டுபிடித்து அவளுக்கே விளக்காதே. டவுசர் போட்டவன் தாளை நீட்டாதே. அவள் வலி என்றால் வலி. பக்கத்தில் உட்கார். சோறு குழைந்தால் குழையட்டும். கேட்டு முடித்தபின், என்னிடம் கேட்டாயே, அதையே அவளிடமும் கேள். பயந்துபோய் அவளுக்காக எல்லாவற்றையும் நீயே தூக்காதே. அது எங்களுக்குப் பிரியமாகத்தான் தெரிந்தது, ஆனால் அது என்னுடைய ஏழெட்டு வருஷத்தைத் தின்றுவிட்டது.

உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை உண்டு என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். நான் அதற்கு மேலே ஒன்று சொல்வேன். என்னை எனக்குத் திருப்பிக் கொடுத்தவன் நீ.

இன்னும் எழுதலாம். ஆனால் கீழே உன் அப்பா சத்தம் போடுகிறார். சாப்பாட்டுப் பந்திக்கு பெஞ்சுகள் வந்து இறங்கியிருக்கின்றன. பந்தல்காரர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்களாம். நம் வீட்டில் ஆண் பிள்ளைகள் அத்தனை பேர் இருக்க, அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார். "ஏ புள்ள, இங்கிட்டு வா. இந்த பெஞ்சுக்கு ஒரு பக்கம் புடி."

போகிறேன், அப்பு.

உன் அம்மா